எல்லா நாய்க்கும் ஒரே அளவுகோலா?

பந்தயக் களத்திலிருந்து மீட்கப்பட்டு ஒரு வீட்டுக்கு வந்து சேரும் கிரேஹவுண்டுக்கு வைத்தியம் பார்ப்பது பற்றி வளர்ப்பவர்களிடமும் கால்நடை மருத்துவர்கள் பலரிடமும் வேரூன்றிய எண்ணம் ஒன்று உண்டு. நாய் என்றால் நாய்தான். லாப்ரடாருக்குப் பார்க்கிற வைத்தியத்தை இதற்கும் பார்த்தால் போதும். இனத்துக்கு இனம் உடம்பு மாறும் என்பதெல்லாம் அந்த இனத்தின் மேல் பித்துப் பிடித்தவர்கள் சொல்வது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண்ணம் தவறு. 1980களிலிருந்து வந்த ஆய்வுகள் அதைத் தவறென்று காட்டிவிட்டன. அப்படியும் சிகிச்சை மேசையில் அதன் செல்வாக்கு குறையவில்லை. தேவையில்லாத மாத்திரையாக, தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோயாக, தையல் போட்ட இடத்தில் இரண்டு நாள் கழித்துக் கசியும் ரத்தமாக, அதன் விளைவை நாய்தான் சுமக்கிறது.

இயந்திர முயலைத் துரத்தி நாய்கள் ஓடும் நவீனப் பந்தயம் 1919-ல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் தொடங்கி, 1926-ல் மான்செஸ்டரின் பெல் வூ களத்துக்கு வந்தது. அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மக்காவ் என்று பரவியது. இப்போது சுருங்கி வருகிறது. ஃப்ளோரிடா வாக்காளர்கள் 2018 நவம்பரில் 69 விழுக்காடு வாக்குகளோடு அதைத் தடைசெய்தார்கள். 2020 டிசம்பர் 31-ஓடு அங்கே ஓட்டம் நின்றது. அதே 2018-ல் மக்காவின் கனிட்ரோம் களம் மூடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் கூண்டுகளிலேயே விடப்பட்டன. அவற்றுக்கு நாடு நாடாக வீடு தேட வேண்டியிருந்தது. களம் மூடாத ஊர்களிலும் நான்கைந்து வயதுக்குள் நாயின் ஓட்டம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் ஏழெட்டு ஆண்டு வாழ்க்கை மீதி இருக்கிறது. அந்த ஆண்டுகளில் அதைப் பார்க்கப் போகிறவர் பந்தயக் களத்து மருத்துவர் அல்லர். ஒரு நாளில் பூனை, முயல், பொமரேனியன் என்று எல்லாவற்றையும் பார்க்கும் பேட்டை மருத்துவர். எனவே ‘எப்போதாவது வரும் அபூர்வ இனம், அதற்காகத் தனியாகப் படிக்க முடியுமா’ என்ற சாக்கு இந்த நாடுகளில் செல்லாது.

சிப்பிப்பாறையையும் கன்னியையும் பார்த்துப் பழகிய தமிழ்க் கண்ணுக்கு இந்த உடல்வாகு புதிதல்ல. ஆழ்ந்த மார்பு, முதுகெலும்போடு ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு, காகிதம்போல் மெல்லிய தோல், அதற்கடியில் தனித்தனியாகத் தெரியும் தசை. வெளியே தெரியும் இந்த வேறுபாட்டை யாரும் மறுப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக வேகத்துக்காக மட்டும் இணைசேர்க்கப்பட்ட ஓர் உயிரில், எலும்பும் தசையும் மாறியிருக்கும்போது ரத்தமும் கல்லீரலும் மட்டும் மாறாமல் இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையிலேயே ரத்தம் மாறியிருப்பது தெரிந்துவிடும். ரிப்போர்ட் தாளின் வலது ஓரத்தில் நாய்களுக்கான ‘நார்மல்’ வரம்பு அச்சாகியிருக்கிறது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பி.சி.வி. 60, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. வெள்ளையணு 4,000; கீழ்நோக்கி ஓர் அம்பு. தட்டணு 1,30,000, அதற்கும் கீழ்நோக்கி. கிரியேட்டினின் 1.7; மேலே. குளோபுலின் கீழே. தைராய்டு சுரப்பான டி4 அதைவிடக் கீழே. தாளை மட்டும் படித்தால், நாயின் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, எலும்பு மஜ்ஜை சரியில்லை, சிறுநீரகம் தளர்கிறது, தைராய்டு வேலைசெய்யவில்லை என்று நான்கு நோய் எழுதலாம். அந்தத் தாளுக்குரிய நாய் மேசைக்குக் கீழே நான்கு காலையும் நீட்டிப் படுத்து உறங்கிக்கொண்டிருக்கிறது. காலையில் தட்டை வழித்துச் சாப்பிட்டிருக்கிறது. அதற்கு எந்த நோயும் இல்லை. இந்த எண்கள் எல்லாம் ஆரோக்கியமான கிரேஹவுண்டுக்குரிய எண்கள்.

மற்ற நாய்களுக்கு பி.சி.வி. வரம்பு பொதுவாக 37 முதல் 55 வரை. கிரேஹவுண்டுக்கு 50-லிருந்து 60-ஐத் தாண்டியும் போகும். பிராணவாயுவைத் தசைக்குச் சுமந்து செல்வது சிவப்பணு. அது மிகுந்த ரத்தம் உள்ள நாய் வேகமாக ஓடியது, வேகமாக ஓடிய நாய் குட்டி போட்டது. அமெரிக்காவில் நாய்களுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது கிரேஹவுண்டை ரத்ததானத்துக்கு நாடியதற்கும் இதுவே ஒரு காரணம். வெள்ளையணுவும் தட்டணுவும் குறைவாக இருப்பதும், தசை மிகுந்த உடம்பில் கிரியேட்டினின் உயர்ந்திருப்பதும் இப்படி இனத்தோடு வந்தவை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கியெர்மோ கூட்டோவும் அவருடைய குழுவும் ஆண்டுக்கணக்கில் இந்த எண்களைத் திரட்டி, இந்த இனத்துக்கென்று தனி வரம்புகளை வெளியிட்டார்கள். அவை மருத்துவர் எவருக்கும் எட்டாத ரகசியம் அல்ல.

பொது வரம்பைப் பயன்படுத்தினால் என்ன கெட்டுவிடும், இரண்டு பரிசோதனை அதிகமாக எடுப்போம், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வீண் பயம் ஒரு பக்கத்துத் தீங்குதான். வீண் நிம்மதி அதைவிடப் பெரிய தீங்கு. ஒரு கிரேஹவுண்டின் பி.சி.வி. 40 என்று வந்தால் தாளில் எந்த அம்புக்குறியும் இருக்காது. 37-க்கும் 55-க்கும் நடுவில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். அந்த நாய் தன் ரத்தச் சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கலாம். வெள்ளையணு 12,000 என்றால் பொது வரம்பில் அது சாதாரணம். வழக்கமாக 4,000 இருக்கும் நாய்க்கு அது மூன்று மடங்கு. உள்ளே எங்கோ சீழ் பிடித்திருக்கிறது என்று அந்த எண் கத்துகிறது. தாள் வாய் திறப்பதில்லை. இருக்கும் நோயை மறைத்து, இல்லாத நோயைக் காட்டும் ஓர் அளவுகோலை ‘பொதுவானது’ என்ற பெயருக்காகக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாவற்றிலும் அதிகமாக நடப்பது தைராய்டுத் தவறு. பந்தயத்தைவிட்டு வந்த நாய்க்குப் பெரும்பாலும் தொடையின் பின்பக்கம் முடி இருக்காது. புது வீட்டில் சோர்ந்து படுத்திருக்கும். ஒரு நாளில் பெரும் பகுதி தூங்கும். முடியுதிர்வு, சோர்வு, கூடவே டி4 குறைவு என்றால் பாடப்புத்தகம் தைராய்டுக் குறைபாடு என்றுதான் சொல்லும். மருத்துவர் லெவோதைராக்ஸின் மாத்திரை எழுதுகிறார். ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்கிறார். அயர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், பயிற்சியே தொடங்காத, நலமாக இருந்த இளம் கிரேஹவுண்டுகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது நாய்களுக்கு மொத்த டி4 பொது வரம்புக்குக் கீழே இருந்தது. சிலவற்றில் கருவியால் அளக்கவே முடியவில்லை. அந்த நாய்கள் அத்தனைக்கும் நோய் என்றால், நோய் என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. தொடை வழுக்கையும் இந்த இனத்தில் சகஜம். பல நாய்களுக்கு மாதங்கள் கழித்துத் தானாகவே முடி வளர்கிறது. மாத்திரை கொடுத்தபோது வளர்ந்தால் மாத்திரைக்குப் பெயர் கிடைக்கிறது. உண்மையான தைராய்டுக் குறைபாடு கிரேஹவுண்டுக்கு வராது என்பதில்லை, வந்தால் தைராய்டைத் தூண்டும் சுரப்பான டி.எஸ்.ஹெச். உயரும், கொலஸ்டிரால் உயரும், எடை கூடும். இவை எதுவும் இல்லாமல் ஒற்றை டி4 எண்ணைப் பிடித்துக்கொண்டு இதயத் துடிப்பைக் கூட்டும் மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுப்பது சிகிச்சையாகாது.

இதயத்துக்கும் இதுவே பொருந்தும். கிரேஹவுண்டின் இதயம் உடம்பின் அளவுக்குப் பெரியது. எக்ஸ்ரேயில் வீக்கம்போல் தெரியும். ஸ்டெதாஸ்கோப்பில் மெல்லிய முணுமுணுப்பு கேட்கும். ரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும், அதிலும் மருத்துவமனையில் எடுத்தால் இன்னும் உயரும். அதே நாய்க்கு வீட்டில் எடுத்துப் பார்த்தபோது குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கூண்டிலேயே வளர்ந்து, மனிதக் கை என்றால் அளவெடுக்கும் கை என்று மட்டுமே கற்ற நாய் பரிசோதனை அறையில் நடுங்கத்தான் செய்யும்.

மயக்க மருந்து விஷயத்தில் ஒரு பிழைக்குப் பதிலாக இரண்டு பிழைகள் நிலவுகின்றன. முதலாவது, எல்லா நாய்க்கும் கொடுப்பதையே கொடுக்கலாம் என்பது. இது தவறென்று 1980களின் நடுவிலேயே தெரிந்துவிட்டது. தயோபென்டால் போன்ற மருந்துகளை ஒரே அளவில் கிரேஹவுண்டுகளுக்கும் கலப்பின நாய்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். கலப்பின நாய்கள் எழுந்து நடமாடிய பிறகும் கிரேஹவுண்டுகள் நெடுநேரம் தள்ளாடிக் கிடந்தன. அதற்குச் சொல்லப்பட்ட காரணம், ‘உடம்பில் கொழுப்பு இல்லை’ என்பது. தயோபென்டால் கொழுப்பில் கரையும் மருந்து. மூளையைவிட்டுத் தசைக்கும் கொழுப்புக்கும் அது பெயரும்போது மயக்கம் தெளிகிறது. ஒல்லி நாயில் பெயர இடமில்லை. அழகான விளக்கம் என்பதால் இன்றும் பலர் இதையே சொல்கிறார்கள்.

அந்த விளக்கம் போதாது என்பதை ஓர் எளிய சோதனை காட்டியது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டால், கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளைக் கூட்டிவிடும் தன்மை உடையது. அதைச் சில நாட்கள் முன்கூட்டிக் கொடுத்துவிட்டு, அதே கிரேஹவுண்டுகளுக்கு தயோபென்டால் கொடுத்தபோது அவை முன்பைவிட விரைவாகத் தெளிந்தன. நாய்கள் கொழுக்கவில்லை, கல்லீரல் மட்டுமே மாறியிருந்தது. குறை கல்லீரல் நொதியில் இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. பிறகு வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோர்ட்டின் குழு, நாயின் சி.ஒய்.பி.2பி11 என்ற நொதியை உருவாக்கும் மரபணுவிலேயே மாறுபாடுகளைக் கண்டறிந்து 2020-ல் வெளியிட்டது. வேறு சில இனங்களிலும் அந்த மாறுபாடுகளில் சில இருப்பதை அதே ஆய்வு காட்டியது.

காரணம் எதுவாக இருந்தால் என்ன, தயோபென்டாலைத் தவிர்த்தால் போதுமே என்று இதைத் தள்ளிவிட முடியாது. கொழுப்புதான் காரணம் என்று நம்பும் மருத்துவர், பந்தயம் முடிந்து நான்கு கிலோ கூடிவிட்ட நாய்க்கு இனி ஆபத்தில்லை என்று நினைப்பார். கல்லீரல்தான் காரணம் என்று அறிந்தவர், அதே நொதியை நம்பியிருக்கும் மற்ற மருந்துகளையும் அளந்து கொடுப்பார். புரோபோஃபால் அவற்றில் ஒன்று. கிரேஹவுண்டுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் தெளிய நேரம் கூடுதலாகும் என்று எதிர்பார்த்து. அமெரிக்காவில் 2011-ஓடு தயோபென்டால் சந்தையிலிருந்து மறைந்துவிட்டதால் அங்கே இந்தப் பாடத்தை மறப்பது எளிது. அது இன்றும் புழக்கத்தில் இருக்கும் இந்தியா போன்ற நாடுகளில் மறக்க முடியாது.

இரண்டாவது பிழை இதற்கு நேர் எதிரானது: கிரேஹவுண்டுக்கு மயக்க மருந்தே ஆகாது, கொடுத்தால் செத்துவிடும் என்ற வதந்தி. முதல் பிழையைக் கண்டு பயந்தவர்கள் இதில் விழுகிறார்கள். இதன் தீங்கைப் பற்களில் பார்க்கலாம். பந்தய நாய்களுக்கு ஆண்டுக்கணக்கில் குழைந்த உணவுதான். பல்லை யாரும் பார்ப்பதில்லை. மூன்று வயது நாயின் உதட்டைத் தூக்கினால் பழுப்புக் காரை கடைவாய்ப் பல்லை மூடியிருக்கும். ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் வரும். நாற்றம் ஒரு கை தூரத்துக்கு வீசும். மயக்கத்தில் வைத்துச் சுத்தம் செய்து, ஆடும் பல்லைப் பிடுங்கினால் தீரும் வலி அது. வதந்திக்குப் பயந்து ‘இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். உகந்த மருந்தைத் தேர்ந்து, ஐசோஃப்ளுரேன் போன்ற வாயுவில் மயக்கத்தைத் தொடர்ந்து, உடல் வெப்பத்தைக் கவனித்தால் கிரேஹவுண்ட் மற்ற நாய்களைப் போலவே எழுந்து வீட்டுக்குப் போகிறது. வெப்பத்தில்தான் கண் இருக்க வேண்டும். மெல்லிய தோலும் குறைந்த கொழுப்பும் உள்ள நாய் மேசையில் வேகமாகக் குளிர்ந்துவிடும். அதே நாய் பயத்தில் திமிறினால், அந்தத் தசைகள் கிளப்பும் சூட்டில் உடம்பு ஆபத்தான அளவுக்குக் கொதிக்கவும் கூடும். பயத்தைத் தணிக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுப்பதை இந்த நாய்க்குச் செய்யும் சலுகையாக நினைக்கக் கூடாது. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

அறுவை முடிந்த பிறகு வரும் ரத்தக்கசிவு, ‘நாய் என்றால் நாய்தான்’ என்பவர்களுக்கு மிகக் கடினமான கேள்வி. கருத்தடை அறுவை சுத்தமாக முடிகிறது. மேசையில் ரத்தம் வழியவில்லை. தட்டணு எண்ணிக்கை போதுமானது, ரத்தம் உறையும் நேரப் பரிசோதனைகளும் சரி. மாலையில் நாய் வீட்டுக்குப் போகிறது. மறுநாள் இரவோ அதற்கடுத்த காலையோ, தையலைச் சுற்றிக் கருநீலம் படர்கிறது, தொடையின் உட்பக்கம், அடிவயிறு என்று அது இறங்குகிறது, துணி நனைகிறது. நாய் தையலை நக்கியிருக்கும், துள்ளியிருக்கும் என்று வளர்ப்பவரைக் குறை சொல்வது வழக்கம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வு, கருத்தடை செய்த கிரேஹவுண்டுகளில் நான்கில் ஒன்றுக்கு இப்படி நடந்ததைப் பதிவு செய்தது. அறுவைக்கு 36 முதல் 48 மணி நேரத்துக்குப் பின்னர். ரத்தம் உறைவதில் இவற்றுக்குக் குறை இல்லை. உறைந்த கட்டி காலத்துக்கு முன்பே கரைந்துவிடுவதே காரணமாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. 2012-ல் அதே குழு நூறு நாய்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கட்டி கரைவதைத் தடுக்கும் அமினோகாப்ரோயிக் அமிலத்தையும் மறு பாதிக்கு வெற்று மருந்தையும் கொடுத்தது. வெற்று மருந்து பெற்றவற்றில் 30 விழுக்காட்டுக்குக் கசிவு. மருந்து பெற்றவற்றில் 10 விழுக்காட்டுக்கு. வாஷிங்டன் குழு பின்னர் ஸ்காட்டிஷ் டீர்ஹவுண்ட் நாய்களில் இதோடு தொடர்புள்ள மரபணு மாறுபாட்டைக் கண்டறிந்தது. அது கிரேஹவுண்டுகளிலும் இருக்கிறது.

நான்கில் மூன்று நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இதற்கும் பதில் வருகிறது. எந்த ஒன்றுக்கு ஆகும் என்று அறுவைக்கு முன் எடுக்கும் வழக்கமான பரிசோதனைகள் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல். சில நாட்களுக்குக் கொடுக்கும் மாத்திரையோ, மனிதர்களின் ரத்தப்போக்குக்கும் பயன்படும் டிரானெக்ஸாமிக் அமிலமோ பெரிய செலவும் அல்ல. அறுவைக்குப் பின் மூன்று நாள் விழிப்பாக இருங்கள் என்று வளர்ப்பவரிடம் சொல்வதற்குச் செலவே இல்லை. அதைச் சொல்லாமல் விட்டு, நடுநிசியில் ரத்தம் தோய்ந்த நாயோடு ஒருவர் ஓடிவந்த பிறகு வருந்துவதை மன்னிக்க முடியாது.

நொண்டலுக்கு வருவோம். நொண்டும் நாய் வந்தால் சுளுக்கு என்று கருதி, இரண்டு வாரம் ஓய்வும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்புவது பொது நடைமுறை. பல இனங்களில் அது சரியாகவே முடிகிறது. கிரேஹவுண்டில் அப்படித் தொடங்கக் கூடாது.

முதலில் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மற்ற இனங்களில் மிக அரிதான கால் ஆணி இந்த நாய்க்கு வரும். முன்னங்காலின் நடு இரண்டு விரல்களின் மெத்தையில், பயறு அளவுக்கு வட்டமாக, சுற்றிலும் உள்ள தோலைவிடக் கொஞ்சம் வெளிறித் தெரியும். காய்ந்த பாதத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் விளிம்பு தெளியும். மேலிருந்து அழுத்தினால் நாய் பொறுத்துக்கொள்ளும். இரு விரலால் பக்கவாட்டில் கிள்ளினால் வெடுக்கென்று காலை இழுக்கும். அறிகுறி இன்னும் எளிது: தார்ச்சாலையிலும் சரளையிலும் நொண்டும் நாய், புல்லில் கால் வைத்ததும் நன்றாக நடக்கிறது. இந்த ஒன்றைக் கேட்காததால் தோள், முழங்கை, கழுத்து என்று எக்ஸ்ரே எடுத்து மாதங்கள் கழிந்த நாய்கள் உண்டு. ஆணியைச் சுரண்டி எடுத்தால் வலி குறையும், சில வாரத்தில் மறுபடி வளரும். மெத்தை வைத்த காலணி, விரலை மடக்கும் தசைநாணைத் துண்டிக்கும் சிறு அறுவை என்று மேலும் வழிகள் இருக்கின்றன. பின்னங்காலில் நொண்டினால் வலது கணுக்காலைப் பார்க்க வேண்டும். களத்தில் நாய்கள் எப்போதும் இடப்புறமாகவே வளைந்து ஓடுவதால் வெளிப்பக்கக் காலில் சுமை கூடி, அங்கே உள்ள நடு எலும்பு உடைவது பந்தய நாய்களின் தொழில்காயம்.

பாதத்திலும் கணுக்காலிலும் ஒன்றும் இல்லையென்றால், அதுவும் நாய் ஏழெட்டு வயதைத் தொட்டிருந்தால், எக்ஸ்ரேயை நாளைக்குத் தள்ளக் கூடாது. கால் எலும்பில் வரும் ஆஸ்டியோசார்கோமா என்ற புற்றுநோய் இந்த இனத்தை அதிகமாகத் தாக்குகிறது. தோளுக்குக் கீழே, மணிக்கட்டுக்கு மேலே, முழங்காலைச் சுற்றி என்று நீண்ட எலும்பின் முனைகளில் தொடங்கும். வலி மாத்திரை கொடுத்தால் நொண்டல் குறையும். குறைந்ததைக் கண்டு சுளுக்குதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உள்ளே அரிக்கப்பட்ட எலும்பு ஒரு நாள் தோட்டத்தில் சும்மா திரும்பும்போது முறிகிறது. கண்டறியும் முன்பே நுண்ணிய அளவில் நுரையீரலுக்குப் பரவியிருக்கும் நோய் இது என்பதால் முழுக் குணம் அரிது. காலை எடுத்து மருந்தும் செலுத்தினால் ஏறக்குறைய ஓராண்டு கிடைக்கிறது. பந்தயத்தில் நான்காண்டு கழித்த நாய்க்கு, சோபாவில் ஓராண்டு சிறியதல்ல. மூன்று காலில் இவ்வளவு பெரிய நாய் எப்படி வாழும் என்ற அனுதாபமும் ஆதாரம் இல்லாதது. ஒல்லியான உடம்பும் வலுவான தசையும் உள்ள கிரேஹவுண்ட், எடை கூடிய மற்ற நாய்களைவிட எளிதாக மூன்று காலில் பழகுகிறது. காலை எடுக்கும் அறுவைக்குப் பிறகும் அந்தத் தாமதக் கசிவு வரும் என்பதையும், அதே மருந்து அங்கேயும் பயன்பட்டிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

புழுவும் உண்ணியும் களத்திலிருந்து நாயோடு கூடவே வருபவை. ஒரு மாத்திரை கொடுத்தால் புழு போய்விடும் என்பது பொது நம்பிக்கை. நூற்றுக்கணக்கான நாய்கள் ஒரே மணல் முற்றத்தில் புழங்கிய இடங்களில், பல ஆண்டுகளாக அடிக்கடி புழு மருந்து கொடுத்ததன் விளைவாக, வழக்கத்தில் உள்ள மூன்று வகை மருந்துகளுக்கும் அடங்காத கொக்கிப்புழு உருவாகிவிட்டது. ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் இதை வெளியிட்டார்கள். களங்கள் மூடி நாய்கள் வீடுகளுக்குப் பரவியபோது புழுவும் பரவியது. புழுவின் இளம்பருவம் தசையில் ஒளிந்திருந்து மறுபடி குடலுக்கு வரும் என்பதால், மருந்து வேலை செய்யவில்லையா, புதிதாக வந்ததா என்ற குழப்பமும் உண்டு. கொடுப்பதற்கு முன்னும் இரண்டு வாரம் கழித்தும் மலத்தில் முட்டைகளை எண்ணிப் பார்ப்பதே வழி. வெறுங்காலோடு தோட்டத்தில் நடக்கும் பிள்ளைகளின் தோலிலும் அந்தப் புழு ஊரும். உண்ணி கொண்டுவரும் பபீசியா, எர்லிக்கியா இரண்டும் நாயின் ரத்தத்தில் அறிகுறியில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். எப்போதோ ஸ்டீராய்டு கொடுக்கும்போது தலைதூக்கலாம். ஃப்ளோரிடாவிலிருந்து குளிர்நாட்டு வீட்டுக்கு வந்த நாய்க்கு ‘எங்கள் ஊரில் அந்த உண்ணி இல்லை’ என்று பரிசோதனையைத் தவிர்ப்பதில் பயன் இல்லை. நாய் எங்கே வாழ்ந்தது என்று அதன் காதுக்குள் பச்சை குத்திய எழுத்துகளைக் கொண்டு தேடிப் பிடிக்கலாம்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது. ‘கிரேஹவுண்டுக்கு இது சகஜம்’ என்ற வாக்கியம் சோம்பேறித்தனத்துக்கு நல்ல போர்வை என்பதே அது. தட்டணு குறைவா, சகஜம். முணுமுணுப்பா, சகஜம் என்று தள்ளிக்கொண்டே போனால் எர்லிக்கியா வந்த நாயும் இதய வால்வு பழுதான நாயும் அந்தப் போர்வைக்குள் சாகும். இது நடக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இனத்துக்கான வரம்பு என்பது வரம்பே இல்லாமை அல்ல. தட்டணு 1,30,000 என்பது கிரேஹவுண்டுக்குச் சகஜம். 40,000 எந்த நாய்க்கும் சகஜமில்லை. வரம்பு தெரிந்தவர்தான் எது மீறல் என்று அறிவார். அது தெரியாமல் காதில் விழுந்த வாக்கியத்தைச் சொல்பவரும், பொது வரம்பைத் தவிர வேறெதையும் பார்க்காதவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: முன்னால் நிற்கும் நாயை அளப்பதில்லை.

எல்லா இனத்துக்கும் இப்படித் தனிப் பட்டியல் போட்டால் மருத்துவம் தாங்குமா என்ற கேள்வியும் வருகிறது. வேறுபாடு அற்பமான இனங்களுக்குப் பட்டியல் தேவையில்லை. இங்கே வேறுபாடு ரத்தத்திலும் கல்லீரலிலும் எலும்பிலும் நிரூபணமாகி இருக்கிறது. பட்டியல் என்ற பெயரில் ஓர் இனத்தின் விதியை இன்னொன்றின் தலையில் கட்டுவதும் பிழைதான். கோலி இனத்தையும் நெடுமுடி விப்பெட்டையும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்துக்கு எளிதில் பலியாக்கும் மரபணுக் கோளாறைக் கிரேஹவுண்டுக்கும் பொருத்திப் பேசுபவர்கள் உண்டு. கிரேஹவுண்டின் சிக்கல் வேறு நொதியில் இருக்கிறது.

கிரேஹவுண்டைத் தத்தெடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாய் நலமாக இருக்கும்போதே ஒரு முறை முழு ரத்தப் பரிசோதனை எடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நோய் வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த நாயின் சொந்த எண்கள் கையில் இருக்கும். எந்த அறுவைக்கு முன்பும், என்ன மயக்க மருந்து, கசிவைத் தடுக்க என்ன மருந்து என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் இதைப் படித்திருக்காவிட்டால், படிக்க வேண்டியவை எல்லாம் அச்சில் இருக்கின்றன. ஒரு மாலைப் பொழுது போதும்.